பதினைந்தே முக்கால் மணி நேரம்

எங்கள் குடும்பத்தில் ஒரு மனிதனுக்கு எவ்வளவு மரியாதை கிடைக்கும் என்பது அவன் எத்தனை மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்து வந்தான் என்பதைப் பொறுத்தது. இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. கோபம் இருக்கிறது, அது வேறு விஷயம். ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போய்ப் பாருங்கள். லண்டனிலிருந்து வந்தவருக்கு மேடைக்கு நேர் எதிரே சோபா. மெல்பர்னிலிருந்து வந்தவருக்கு அதற்கு அடுத்த வரிசையில் துணி போர்த்திய நாற்காலி. சிங்கப்பூர்க்காரர் பஸ்ஸில் வந்திருப்பாரோ என்று எல்லோருக்கும் ஒரு சந்தேகம், அதனால் மின்விசிறிக்குப் பக்கத்தில் ஓர் இடம் காட்டுவார்கள். பக்கத்து ஊர் காம்பாரிலிருந்து வந்தவர் காலியாக ஏதாவது பிளாஸ்டிக் நாற்காலி கண்ணில் பட்டால் உட்கார்ந்துகொள்ளலாம். உள்ளூரிலேயே, குனோங் ராபாட்டில் இருக்கிற நான் அந்த நாற்காலிகளை லாரியிலிருந்து இறக்கிப் போட வேண்டும்.

தங்கை வீடு என் வீட்டிலிருந்து காரில் பதினைந்து நிமிடம். பதினைந்து நிமிடத்துக்கு மரியாதை என்று ஒன்று கிடையாது, வேலைதான் உண்டு. தங்கை வீட்டில் குழாய் ஒழுகினால் நான் போக வேண்டும். அவள் வீட்டுக்காரரின், அதாவது என் மச்சானின், கார் பேட்டரி செத்துப்போனால் நான் போக வேண்டும். நான் ஈப்போவில் ஒரு டயர்க் கடையில் ஸ்டோர் பார்க்கிறவன், எனக்கும் பேட்டரிக்கும் சம்பந்தமில்லை என்று பலமுறை சொல்லியாகிவிட்டது. டயர் தெரிந்தவனுக்குப் பேட்டரி தெரியாதா என்பார் மச்சான். இன்ஷூரன்ஸ் விற்கிறவர், அவரிடம் பேசி யாரும் ஜெயித்ததில்லை.

எங்களுக்கு மூத்தவர் அண்ணன். சிலிம் ரிவர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய ஒரே லயத்து வீட்டில் பிறந்தவர்கள் நாங்கள் மூவரும். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்த பெரிய தூரம் பள்ளிக்கூடம் இருந்த மூன்றாங்கட்டை. மூன்று மைலையும் அண்ணன் முன்னால் நடப்பார், நான் பின்னால் அவர் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நடப்பேன். பிறகு தோட்டம் கைமாறியது, ரப்பர் மரம் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தது, நாங்கள் ஈப்போவுக்கு வந்தோம், அண்ணன் கனடாவுக்குப் போனார். கால்கரி என்று ஓர் ஊர். போய் இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இதற்குள் நான்கு முறை வந்திருக்கிறார். நான்கு முறையும் கோலாலம்பூர் விமான நிலையத்துக்குப் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தவன் நான்தான், பெட்டியைத் தூக்கியவனும் நான்தான். மூன்றாங்கட்டையில் ஆரம்பித்தது இன்னும் முடியவில்லை.

அண்ணன் வந்து இறங்கியதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மணி நேரம்?" அவர் சொல்லும் எண் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடும். கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அவ்வளவு நேரம் அந்த மனிதர் செய்தது என்ன? உட்கார்ந்திருந்தார், சாப்பிட்டார், படம் பார்த்தார். அதே ஆள் அதே நேரத்தை எங்கள் கடை முன்னால் உட்கார்ந்து கழித்திருந்தால் சோம்பேறி என்று சொல்லியிருப்பார்கள். ஆகாயத்தில் உட்கார்ந்ததால் தியாகம் ஆகிவிட்டது.

தங்கைக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. எனக்கும் என் மனைவிக்கும் குழந்தை இல்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதப் போவதில்லை. வேலை முடிந்ததும் தினமும் நான் நேராகத் தங்கை வீட்டுக்குப் போவேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலையடிவாரத்துக்குக் குரங்கு பார்க்கப் போவோம். குரங்கைப் பார்த்தால் அவள் என் சட்டைக் காலரை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். பயமா சந்தோஷமா என்று எனக்குத் தெரியாது, அந்தப் பிடி எனக்குப் பிடித்திருந்தது. என் சட்டைகளில் காலர் கசங்காத சட்டை ஒன்றும் இல்லாமல் போனது.

குழந்தைக்கு ஒரு வயது நெருங்கியபோது முடியிறக்கிக் காது குத்துவது என்று முடிவானது. அதற்குத் தாய்மாமன் மடி வேண்டும். இரண்டு மாமன் இருந்தால் மூத்தவர் மடி. மூத்தவர் வர முடியாவிட்டால்தான் இளையவர். காதில் போடும் முதல் தோடும் மாமன் வீட்டிலிருந்து வர வேண்டும். எனக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும், ஆனாலும் அந்தக் குழந்தை என் மடியில்தான் உட்காரும் என்று நான் நினைத்துவிட்டேன். பதின்மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மனிதர் ஒரு மணி நேரச் சடங்குக்காகவா வரப்போகிறார்?

வருகிறேன் என்றார். தோட்டையும் தானே கொண்டு வருகிறேன் என்றார். அன்றைக்குத் தங்கை அழுதாள், மச்சான் ஊர் முழுக்கப் போன் போட்டார். "பெரிய மச்சான் இதுக்குன்னே கனடாவுலேர்ந்து வாராருலா!" நானும் அந்தக் கூடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன், இடுப்பில் குழந்தையோடு.

அண்ணன் ஆவணி மாதத்துக்கு டிக்கெட் எடுத்தார். எடுத்ததும் அதை எனக்குத்தான் அனுப்பினார், டிரைவர் நான்தானே. குடும்பத்துக்கென்று வாட்ஸ்அப் குழு ஒன்று இருக்கிறது. விடிந்தால் ரோஜாப்பூவும் விளக்குமாக வந்து கொட்டும். அந்தத் தொல்லை தாங்காமல் அண்ணன் குழுவின் சத்தத்தை எப்போதோ அடைத்துவிட்டார், உள்ளே எட்டிப் பார்ப்பதும் இல்லை. அவர் பதில் போடாததை மற்றவர்கள் பெரிய மனிதத்தனம் என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். டிக்கெட்டில் தெளிவாக இருந்தது. வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்குக் கால்கரியில் புறப்பாடு. நடுவில் இரண்டு ஊர்களில் இறங்கி ஏற வேண்டும். கோலாலம்பூர் வந்து சேர்வது சனிக்கிழமை பிற்பகல் நான்கு மணி.

இரண்டு நாள் கழித்துத் தங்கை வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மச்சான் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். இரண்டு விமான நிலையங்களின் பெயரைப் போட்டால் நடுவில் உள்ள தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் சொல்கிற ஏதோ ஓர் இணையப் பக்கம். உலகப் படத்தில் இரண்டு புள்ளிகள், அவற்றுக்கு நடுவே வளைவாக ஒரு கோடு.

"பாத்தீங்களா மச்சான்? கால்கரி டு ஈப்போ, பதினஞ்சே முக்கா மணி நேரம்தான்! நான் என்னமோ ரெண்டு நாள் ஆகும்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்லா."

"நேரா ஈப்போவுக்கேவா வருது?" என்றாள் தங்கை.

"அதான் போட்டிருக்கே. வியாழக்கெழம சாயந்தரம் ஏழு மணிக்கு ஏறுறேன்னு உங்கிட்ட சொன்னாருல்ல? அதோட பதினஞ்சே முக்காலக் கூட்டு. வெள்ளி காலையில பதினோரு மணிக்குள்ள இங்க இருப்பாரு. சனிக்கெழம காலையில முகூர்த்தம் வச்சிரலாம். ஏழரைக்கு மேல எட்டேமுக்காலுக்குள்ள, ஒம்போதுக்கு ராகு காலம் பொறந்துரும்."

ராகு காலம் எப்போது பிறக்கும் என்று நிமிடக் கணக்கில் தெரிந்த மனிதருக்குக் கால்கரியில் எப்போது விடியும் என்று தெரியவில்லை. அங்கே வியாழன் மாலை ஏழு என்றால் இங்கே வெள்ளி காலை ஒன்பது. மச்சான் கணக்குப்படி அண்ணன் அங்கே விமானம் ஏறிய ஒன்றே முக்கால் மணி நேரத்தில் இங்கே காலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் வர வேண்டும். அது நான் ஈப்போவிலிருந்து கிளம்பிச் சிலிம் ரிவர் போய் ஒரு டீ குடிக்கிற நேரம். அந்த இணையப் பக்கம் வரைபடத்தில் அளவுகோல் வைத்துத் தூரத்தை அளந்து வேகத்தால் வகுத்துச் சொல்கிறது, அவ்வளவுதான். அந்தக் கோட்டில் ஒரு விமானமும் பறப்பதில்லை. காக்கா பறந்தால் அந்தக் கணக்கு வரலாம், அந்தக் காக்காவும் நடுவில் எங்கேயாவது உட்காரும். ஈப்போவில் விமான நிலையம் இருக்கிறது, பொய்யில்லை. ஆனால் கால்கரி விமானம் அங்கே இறங்க வேண்டுமென்றால் ஓடுபாதையை எங்கள் வீட்டுக் கொல்லைவரை நீட்ட வேண்டும்.

டிக்கெட் என் சட்டைப்பையில் இருந்த போனில் இருந்தது. வெளியே எடுத்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமைக்குப் போயிருக்கும். சொல்வதற்கு வாயையும் திறந்தேன். குழந்தை தவழ்ந்து வந்து என் முழங்காலைப் பிடித்து எழுந்து நின்றாள். நான் டீயைக் குடித்தேன்.

ஒன்று மட்டும் சொன்னேன். "ஈப்போவுக்கு நேரா வராது மச்சான், கோலாலம்பூர்தான் வரும். நான் போய்க் கூட்டிட்டு வாரேன்." பாதி உண்மை சொன்னால் மீதி உறுத்தாது என்று நினைத்தேன். நினைத்தபடியே உறுத்தவும் இல்லை.

அடுத்த வாரம் அழைப்பிதழ் குழுவில் வந்தது, குழந்தையின் படத்தைச் சுற்றித் தாமரையும் மயிலும் பறக்க. அண்ணன் வழக்கம்போலப் பார்க்கவில்லை. தேதியை யாரும் அவரிடம் தனியாகச் சொல்லவும் இல்லை, குழுவில் போட்டாயிற்று என்றால் உலகத்துக்கே சொல்லியாயிற்று என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஒரு நாள் அண்ணன் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். "விசேஷம் ஞாயிறு தானேடா? சனி வந்து ஒரு ராத்திரி ரெஸ்ட் எடுத்துட்டு உக்காந்துக்கலாம்." டயர்க் கடை ஸ்டோரில் நின்று அதை மூன்று முறை படித்தேன். பிறகு கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டு அனுப்பினேன். பொய்யை வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வந்திருக்காது, அந்தக் காரியத்தை விரல் எளிதாகச் செய்துவிட்டது.

அதோடு நின்றேனா? ஈப்போ லிட்டில் இந்தியாவில் எங்களுக்குப் பழக்கமான ஆசாரி ஒருவர் இருக்கிறார். காது குத்த வரவேண்டியவரும் அவர்தான். அவரிடம் போய்ச் சிவப்புக் கல் வைத்து ஒரு ஜோடி தோடு செய்யக் கொடுத்தேன். குண்டுமணி அளவுதான் இருக்கும். அதை வாங்கி அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டு ஐந்து வாரம் காத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு நான் கோலாலம்பூர் கிளம்ப வேண்டும் என்பது ஏற்பாடு. தங்கை ஆறு முறை கூப்பிட்டாள், நான் எடுக்கவில்லை. ஒன்பதரைக்குத் தங்கை வீட்டுக்குப் போனேன். ஏன் ஒன்பதரை? ஒன்பது மணிக்கு அங்கே அண்ணனின் விமானம் கிளம்பியிருக்கும், போன் அணைந்திருக்கும். டயர்க் கடையில் இத்தனை வருடம் வேலை பார்த்து நான் ஒழுங்காகப் போட்ட கணக்கு அது ஒன்றுதான்.

"அண்ணே! இன்னும் கெளம்பலையா? பெரியண்ணே அங்க வந்து காத்துக்கிட்டு நிப்பாரே!"

"நேத்துதாம்மா டிக்கெட் அனுப்பினாரு," என்றேன். "நாளைக்குச் சாயந்தரம்தான் வந்து எறங்குறாராம்."

நான் டிக்கெட்டைத் திறந்து நீட்டினேன், மச்சான் வந்து சேரும் நாளை மட்டும் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. "என்ன வெளையாட்டா இது? மண்டபம் எடுத்தாச்சு, சாப்பாடு சொல்லியாச்சு, நாளான்னைக்கு அங்க வேற கல்யாணம். டிக்கெட்ட மாத்துறவரு ஒரு வார்த்த சொல்ல வேணாமா? கனடாவுல இருந்தா என்ன வேணா செய்யலாமா?"

டிக்கெட் மாறவே இல்லை. அதைச் சொல்ல அப்போதும் எனக்கு நேரம் இருந்தது. தங்கை அழுதுகொண்டே அண்ணனுக்குப் போன் போட்டாள், போகவில்லை. "போடாத," என்றார் மச்சான். "மதிக்காதவங்ககிட்ட நமக்கு என்ன பேச்சு?" இருபத்திரண்டு வருடமாக மணிக்கணக்கில் சேர்ந்த மரியாதை ஐந்து நிமிடத்தில் காலியானது. பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உள்ளே குளுகுளுவென்று இருந்தது.

"அப்ப யார் மடியிலங்க வைக்கிறது?" என்றாள் தங்கை.

மச்சான் மின்விசிறியைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "மச்சான் இருக்காரே," என்றார். ரவை இல்லாவிட்டால் கோதுமை மாவு இருக்கிறதே என்கிற மாதிரி. நான் அதையும் வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை மலைக்குப் பக்கத்தில் இருந்த மண்டபத்தில், புது வேட்டி கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தேன். குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்கள். நாவிதர் தண்ணீர் தடவியதும் சிணுங்கினாள், பிறகு என் சட்டைக் காலரைத் தேடினாள். அன்றைக்குச் சட்டை இல்லை. தோளில் கிடந்த துண்டைப் பிடித்துக்கொண்டாள். முடி கொஞ்சம் கொஞ்சமாக என் மடியில் விழுந்தது. தலையில் சந்தனம் பூசியதும் குழந்தை என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். என் ஐம்பது வருடத்தில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை. திருடிய சந்தோஷம் என்பது தெரியும், தெரிந்தும் அது ஒரு துளிகூடக் குறையவில்லை.

ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டே, "தோடு எங்கம்மா?" என்றார்.

தங்கைக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "ஐயோ, அது பெரியண்ணேகிட்டல்ல இருக்கு!"

நான் வேட்டி மடிப்பிலிருந்து சின்னச் சிவப்புப் பெட்டியை எடுத்து நீட்டினேன். எல்லோரும் ஆகா என்றார்கள். ஒரே இரவில் தோடு ஏற்பாடு செய்துவிட்டானே என்று மச்சான்கூட முதல் முறையாக என்னை மதிப்பாகப் பார்த்தார். ஆசாரி பெட்டியைத் திறந்தார். அவர் நல்ல மனிதர், தன் வேலையைப் பற்றி நாலு பேர் முன்னால் சொல்லிக்கொள்ள ஆசைப்படுகிறவர்.

"நம்ம கைவேலதாம்மா இது. போன மாசமே செஞ்சு குடுத்தாச்சு. காது குத்துற அன்னைக்கு எம் மடியில வச்சு இதத்தான் போடப்போறோம், கல்லு நல்லா பாத்து வைங்கன்னு இந்த அண்ணன் ரெண்டு தடவ சொல்லிட்டுப் போனாருலா."

மச்சான் அதைக் கவனிக்கவில்லை, போட்டோகிராபரை விரட்டிக்கொண்டிருந்தார். தங்கை கவனித்தாள். அவள் கண் என் மேல் நின்றது. ஊசி இறங்கியது, குழந்தை வீறிட்டாள், நாதஸ்வரக்காரர் அதை மறைக்க இன்னும் வேகமாக ஊதினார்.

சாப்பாடு பரிமாறும் இடத்தில் தங்கை என்னைத் தனியாகப் பிடித்தாள். "டிக்கெட் எப்பண்ணே வந்துச்சு?"

"வியாழக்கெழமதான்…"

"அண்ணே."

"போன மாசம்."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். தோளில் தூங்கிப்போயிருந்த குழந்தையை மாற்றிப் போட்டுக்கொண்டாள். "மணி பன்னெண்டாகப் போகுது. கெளம்புங்க. அவரு வந்து எறங்கும்போதாவது நேரத்துக்குப் போய் நில்லுங்க." அவ்வளவுதான் சொன்னாள், பிறகு வாழையிலைக் கட்டைப் பிரிக்கப் போய்விட்டாள்.

விமான நிலையத்தில் அண்ணன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. கழுத்தில் அந்தக் குதிரை லாடத் தலையணை. முன்பெல்லாம் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். அன்றைக்குப் பெட்டியை மறந்துவிட்டுக் கைப்பையைத் திறந்தார். உள்ளே பட்டு வேட்டி ஒன்று, அதன் மேல் ஒரு நகைப் பெட்டி. "பெரிய பெட்டியில போட்டா தொலைஞ்சு போயிருமோன்னு கையிலயே வச்சுக்கிட்டேன். நாளைக்குக் காலையில எத்தன மணிக்குடா?"

"வாங்கண்ணே, கார்ல போயிக்கிட்டே பேசலாம்."

"டேய், ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது," என்றார் நடந்துகொண்டே. "எனக்கு முட்டி மடங்க மாட்டேங்குது. சம்மணம் போட்டு உக்காந்தா ரெண்டு நிமிஷம் தாங்காது. அங்க கீழ உக்கார்ற வேலையே இல்லல்ல. மூணு மாசமா தெனம் காலையில தரையில உக்காந்து பழகுறேன்டா. இப்ப முப்பத்தஞ்சு நிமிஷம் உக்காருவேன். அரிசி மூட்டைய மடியில வச்சுகூட உக்காந்து பாத்துட்டேன்."

பெட்டியைக் காரில் ஏற்றினேன். ராவாங் வந்தது, தஞ்சோங் மாலிம் வந்தது. இவர் ஒரு மணி நேரச் சடங்குக்கு வந்து மரியாதை வாங்கிக்கொண்டு போகிற ஆள் என்று எத்தனை வருடமாக நான் உள்ளுக்குள் திட்டியிருக்கிறேன். பத்து கிலோ அரிசியை மடியில் வைத்துக்கொண்டு பனி பெய்கிற ஊரில் ஒரு கிழவர் தரையில் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துப் பார்த்ததே இல்லை. சிலிம் ரிவர் பலகை தெரிந்தது. அண்ணன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செம்பனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, விசேஷம் இன்னைக்குக் காலையிலயே முடிஞ்சிருச்சுண்ணே."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் போனை எடுத்தார். குழுவைத் திறந்து மேலே மேலே தள்ளிக்கொண்டே போனார். ரோஜாப்பூக்களுக்கு நடுவில் இருந்த மயிலையும் தாமரையையும் கண்டுபிடித்தார். பிறகு எனக்கு அனுப்பிய செய்தியைத் திறந்தார். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினாலும் அந்தக் கட்டைவிரல் என் கண் ஓரத்தில் தெரிந்தது.

"இது நீதானே போட்ட?"

"ஆமாண்ணே."

"யார் மடியில வச்சாங்க?"

"எம் மடியில."

அதற்குப் பிறகு ஈப்போ வரும் வரைக்கும் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். தூங்கவில்லை. தூங்கினால் அவர் குறட்டை விடுவார், லயத்து வீட்டில் அந்தக் குறட்டைக்குப் பக்கத்தில் படுத்து வளர்ந்தவன் நான்.

தங்கை வீட்டு வாசலில் மச்சான் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சோபாவைப் பற்றி யாரும் பேசவில்லை, எத்தனை மணி நேரம் என்றும் யாரும் கேட்கவில்லை. "டிக்கெட்ட மாத்தும்போது எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் மச்சான்," என்றார். தங்கை என்னைப் பார்த்தாள். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் இரண்டு கையிலும் பெட்டியோடு நின்றேன். நான் வாயைத் திறக்க வேண்டிய இடம் என்று இதைவிடத் தெளிவாக ஒன்று என் வாழ்க்கையில் வந்ததில்லை.

"தப்புதான் மாப்பிள்ள," என்றார் அண்ணன். "நான்தான் பாக்காம விட்டுட்டேன். மன்னிச்சிருங்க."

தங்கை குழந்தையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் முதலில் தரையில் உட்கார்ந்தார், சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக. பிறகு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். முன்பின் தெரியாத முகம், அவள் அலறினாள். உடம்பை வளைத்துக்கொண்டு என் பக்கம் இரண்டு கையையும் நீட்டினாள். ஐந்து வாரமாக எதற்காக அத்தனை வேலையும் பார்த்தேனோ அது என் கண் முன்னால் நடந்தது. எனக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் காரில் ஏதோ இருக்கிறது என்று சொல்லி வெளியே போனேன்.

மச்சானுக்கு இன்றுவரை விஷயம் தெரியாது. தங்கை சொல்லவில்லை, அண்ணனும் சொல்லவில்லை. இதை அவர் படிப்பார் என்ற பயம் எனக்கு இல்லை. படித்தாலும் ராவாங்குக்கும் தஞ்சோங் மாலிமுக்கும் எத்தனை கிலோமீட்டர் என்று போனில் தேடப் போய்விடுவார்.

அண்ணன் பத்து நாள் இருந்தார். என்னிடம் முகம் கொடுக்காமல் இல்லை, சாப்பிட்டாயா என்று கேட்டார், கடையில் வேலை எப்படி என்று கேட்டார். கிளம்புகிற நாளில் கடைக்கு லீவு போட்டேன். காரைக் கழுவி, டயருக்குக் காற்றடித்து, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்குக் கிளம்ப வேண்டும், பதினொன்று ஆகிவிட்டது. நானே தங்கைக்குப் போன் போட்டேன்.

"அவரு டாக்சி சொல்லி அப்பவே போயிட்டாரேண்ணே," என்றாள். "தம்பிக்கு வேல இருக்கும், அவன எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு சொல்லிட்டாரு."

மூன்றாங்கட்டைக் காலத்திலிருந்து என்னை எதற்கு வேண்டுமானாலும் ஏவிய மனிதர் அவர். என்னைத் தொந்தரவு பண்ணக் கூடாது என்று அண்ணன் நினைத்தது அதுதான் முதல் தடவை.